அம்மோனாய்டு ஓடுகள்: அளவும் வடிவமும்

அம்மோனாய்டுகள் கணவாய்க்கும் நாட்டிலசுக்கும் உறவான, அடியோடு அற்றுப்போன கடல்விலங்குகள். ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகளுக்கு முன், டெவோனியன் காலத்தில் தோன்றி, 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசர்கள் மறைந்த பேரழிவில் முடிந்தன. மென்னுடல் பாறையில் பதிவது மிக அரிது. நமக்குக் கிடைப்பது ஓடுதான். ஓட்டின் உட்புறம் குறுக்குச் சுவர்களால் அறை அறையாகப் பிரிந்திருக்கும். விலங்கு கடைசி அறையில் குடியிருக்க, காலி செய்த பழைய அறைகள் வாயு நிரம்பி அதை மிதக்கவைத்தன. குறுக்குச் சுவர் ஓட்டைத் தொடும் இடத்தில் விழும் நெளிகோடு ‘பொருத்துக்கோடு’ எனப்படும். இனம் பிரிப்பதற்கு அதுவே முதல் அடையாளம்.

ஓடு சுருளாவதற்கு முந்தைய நிலையைக் காணக் கெடா வாசகர் தொலைவு போக வேண்டியதில்லை. லங்காவித் தீவுக்கூட்டத்தின் செதுல் சுண்ணாம்புக்கல்லில், நாட்டிலஸின் பழைய உறவுகளான, ஆர்டோவிசியன் காலத்து நாட்டிலாய்டுகள் நேரான கூம்பு ஓடுகளாகப் பதிந்துள்ளன. ஜப்பானியத் தொல்லுயிரியலாளர் தெய்ச்சி கோபயாஷி 1950களின் இறுதியில் இவற்றை ஆராய்ந்தார். இவை அம்மோனாய்டுகளின் நேர் முன்னோர் அல்ல. நேர் முன்னோராகக் கருதப்படும் பாக்ட்ரைட்டுகளும் நேரான ஓடுடையவை. அவற்றிலிருந்து முதலில் வளைந்த ஓடும், பின் நடுவில் துளை தெரியும் தளர்ந்த சுருளும், பின் துளை மூடிய இறுக்கமான சுருளும் வந்தன. வேகமாக நீந்தவே ஓடு சுருண்டது என்பர் ஒரு சாரார். கருநிலை ஓடு சிறுத்து, முட்டைகளின் எண்ணிக்கை பெருகியதையே முதன்மையாகக் கொள்வர் மற்றொரு சாரார்.

கார்பனிஃபெரஸ், பெர்மியன் காலங்களில் பொருத்துக்கோடு மேலும் நெளிந்தது. ஒரு சென்டிமீட்டர் அளவிலேயே முதிர்ச்சி அடைந்த இனங்களும் அப்போது வாழ்ந்தன.

25.2 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பேரழிவில் ஒருசில கிளைகளே தப்பின. ஆயினும் அவை ஓரிரு மில்லியன் ஆண்டுகளில் மீண்டும் பல வடிவங்களாகப் பெருகின. அப்பேரழிவை அடுத்து வந்த ட்ரயாசிக் காலக் கடலின் அடித்தளமே கெடாவின் கோடியாங் சுண்ணாம்புக்கல்லும் செமாங்கோல் பாறைகளும். கோடியாங் கல் முன்பு பழையுயிர்க் காலத்தது என எண்ணப்பட்டது. 1966இல் இஷியி, நோகாமி ஆகியோர் அதில் கண்ட கோனடோன்ட் என்னும் நுண்பற்கள் அதை ட்ரயாசிக் என நிறுவின. கிளந்தானிலிருந்தும் ட்ரயாசிக் அம்மோனாய்டுகள் அறிவிக்கப்பட்டுள்ளன. செமாங்கோல் பாறைகளில் பேர்பெற்றவை டவோனெல்லா, ஹலோபியா என்னும் மெல்லோட்டுச் சிப்பிகளே.

ஜுராசிக் காலத்து ஓடுகள் தமிழர் பூசையறைக்கே வந்துவிட்டவை. கண்டகி ஆற்றின் சாளக்கிராமங்கள் இமயத்தின் ஸ்பிதிக் களிப்பாறையிலிருந்து உருண்டு வந்த அம்மோனாய்டுகள்.

கிரெட்டேசியஸ் காலத்துக்கு மிக விரிவான பதிவு தமிழ்நாட்டில் உள்ளது. கெடா தோட்டங்களுக்கு ஏராளமானோர் புறப்பட்டு வந்த பழைய திருச்சிராப்பள்ளி, தென்னார்க்காடு மாவட்டங்களிலும் புதுச்சேரியை ஒட்டியும் இப்பாறைகள் பரந்துள்ளன. 1846இல் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் இங்கிருந்து சென்ற ஓடுகளை லண்டனில் விவரித்தபோது, புதிய இனங்களுக்கு இந்திரன், பிரமன், விஷ்ணு, சூரியன், மனு என்று பெயர் சூட்டினார். அவற்றுள் ‘இந்திரா’ இன்று சூடோஃபில்லைட்டஸ் பேரினத்தின் மாதிரி இனம். உலகின் பல கடற்படிவுகளில் அதே பெயரால் அறியப்படுகிறது. எச். எஃப். பிளான்ஃபோர்டு இப்பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாக வகுத்தார். 1865இல் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிக்ஸ்கா தென்னிந்தியத் தலைக்காலிகள் (அம்மோனாய்டு, நாட்டிலாய்டு முதலியன) பற்றிய பெருந்தொகுப்பை வெளியிட்டார். 1895 முதல் வியன்னாவின் ஃபிரான்ஸ் கோஸ்மட் அதைத் திருத்தி விரித்தார். ‘தமுலிகம்’, ‘திராவிடிகம்’ என்னும் இனப்பெயர்களும், கரப்பாடி ஊரை நினைவூட்டும் ‘கரபடைட்டஸ்’ என்னும் பெயரும் அக்காலத் தேடலின் அடையாளங்கள்.

வடிவப் பெருக்கத்தை ஊட்டத்தூர்த் தொகுதியில் நன்கு காணலாம். பெரம்பலூர் அருகே காரையின் வெட்டாந்தரையில், கோபுரம்போல் மேலேறும் டுரிலைட்டஸும், வெளிவிளிம்பில் வரம்பு ஓடும் மோர்ட்டோனிசெராஸும் ஒரே தொகுதியின் அடுக்குகளில் வருகின்றன. சுருள் முற்றிலும் நிமிர்ந்து கோலாகிவிட்ட பாகுலைட்டஸும் தென்னிந்தியப் பட்டியலில் உண்டு. சுருள் அவிழ்ந்த இவ்வடிவங்களை முன்பு ‘இன மூப்பின் சீர்கேடு’ என்றனர். அக்கருத்து கைவிடப்பட்டது, இவை நெடுங்காலம் தழைத்த, உலகெங்கும் பரவிய விலங்குகள். வட்டத் தட்டுப்போல் ஒடுங்கிய ‘தமுலிகம்’ ஓட்டின் நேர்த்தி தனியே குறிப்பிடத்தக்கது. சுருள்கள் ஒன்றையொன்று பெரிதும் தழுவ, விளிம்பு ஒடுங்கியிருக்கும்.

அளவு காலப்போக்கில் பெருகிக்கொண்டே சென்றது என்பது பழைய விதி. மிகப்பெரிய ஓடு கிரெட்டேசியஸில் கிடைப்பது அதற்கு ஆதரவு: 1895இல் ஜெர்மனியின் செப்பன்ராடேயில் ஹெர்மன் லாண்டுவா விவரித்த பாராபுசோசியாவின் குறுக்களவு 1.74 மீட்டர். ஆனால் அதே கடல்களில் மிகச் சிறியனவும் வாழ்ந்தன. ஒவ்வோர் அழிவுக்குப் பின்னும் எளிய சுருள்களிலிருந்தே பெருக்கம் மீண்டும் தொடங்கியது. அளவு வேறுபாட்டில் ஒரு பகுதி பால் வேறுபாடு என்பதை 1962இல் மகோவ்ஸ்கியும் 1963இல் கல்லமனும் தனித்தனியே காட்டினர். பெரிய ஓடு பெண்ணுடையது எனப் பொதுவாகக் கொள்ளப்படுகிறது. டேவிட் ராப் 1967இல் சுருளை எண்களாக மாற்றிக் காட்டினார்: கணக்கில் சாத்தியமான வடிவங்களில் ஒரு சிறு பகுதியையே இவ்விலங்குகள் பயன்படுத்தின. பொருத்துக்கோடு ஏன் இவ்வளவு நெளிந்தது என்பதில் இன்றும் ஒருமிப்பு இல்லை. நீரழுத்தம் தாங்க என்பது நெடுநாள் விளக்கம். அறைநீரைக் கையாள என்பது பிந்தையது. முப்பரிமாண அச்சில் எடுத்த ஓட்டு மாதிரிகளை நீர்த்தொட்டியில் ஓடவிட்டுச் சோதிப்பது அண்மைக்கால முயற்சி.

இறுதி அழிவிலும் அளவுக்குப் பங்கு இருக்கலாம். முட்டையிலிருந்து வெளிவரும் அம்மோனாய்டுக் குஞ்சின் ஓடு பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர் அளவே; அது மேற்கடல் மிதவையுயிர்களோடு வாழ்ந்திருக்கும் என ஊகிக்கப்படுகிறது. உணவான அம்மிதவையுயிர்கள் அற்றபோது அதுவும் அற்றது என்பர். நாட்டிலஸ் குஞ்சு ஏறத்தாழ 2.5 சென்டிமீட்டர் ஓட்டோடு பிறக்கிறது. அவ்விலங்கு பிலிப்பைன்ஸ் கடலின் ஆழத்தில் இன்னும் வாழ்கிறது.