தொண்டருக்குப் பாடம் நடத்தியது யார்? கிள்ளான் பள்ளத்தாக்கில் பொதுநலத் தலைமைப் பயிற்சியின் வரலாறு

1948இல் அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில் எச். ரோ பார்ட்டில் என்பவர் ‘அமெரிக்கன் ஹியூமானிக்ஸ்’ என்ற அமைப்பைத் தொடங்கினார். சாரணர் இயக்கம் போன்ற இளைஞர் அமைப்புகளை நடத்தப்போகும் சம்பளப் பணியாளர்களைக் கல்லூரியிலேயே பயிற்றுவித்து அனுப்புவது அதன் நோக்கம். பம்பாயில் டாடா அறக்கட்டளையின் சமூகப்பணிப் பள்ளி 1936இலேயே வந்துவிட்டது. சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவின் முயற்சியால் 1952இல் சமூகப்பணிப் பள்ளி எழுந்தது. மலாயாவில் அதே 1948இன் ஜூன் மாதம் அவசரகாலச் சட்டத்தோடு பிறந்தது. அடுத்த ஆண்டு மே 4ஆம் நாள் தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதி புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். இந்த முரணிலிருந்தே கட்டுரையின் கேள்வி எழுகிறது. பட்டப்படிப்பு எதுவும் வழிகாட்டாத நிலையில், கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழர் பொதுநல அமைப்புகளை நடத்தும் திறனை எங்கே கற்றனர்? ஒவ்வொரு காலத்திலும் தலைவன் என்ன கற்க வேண்டும் என்பதைக் கல்விக்கூடத்தைவிட அன்றைய சட்டமே பெரிதும் முடிவு செய்தது என்பது என் வாதம்.

போர்ட் கிள்ளான் 1901இல் போர்ட் சுவெட்டன்ஹாம் என்ற பெயரில் திறக்கப்பட்ட துறைமுகம். 1972இல்தான் இன்றைய பெயர் பெற்றது. திறந்த சில வாரங்களிலேயே மலேரியாவால் அதை மூடவேண்டி வந்தது. பிறகு இந்தத் துறைமுகத்தின் வழியே கப்பலேறிய ரப்பருக்குப் பால் சீவியவர்கள் கிள்ளான் சுற்றுவட்டாரத் தோட்டங்களின் தமிழர்கள். 1941இல் அந்தத் தோட்டங்களில்தான் வேலைநிறுத்தம் வெடித்தது. அதை முன்னின்று நடத்திய கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் ஆர். எச். நாதன் ‘தமிழ் நேசன்’ நாளிதழின் துணையாசிரியர். அவர் பால் மரம் வெட்டியவர் அல்லர். கோரிக்கைகளில் சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி மட்டும் இல்லை. கள்ளுக்கடையை மூடு, பிள்ளைகளுக்குப் படிப்புக் கொடு, துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கத்தை ஒழி என்பனவும் இருந்தன. கூலிக் கணக்கையும் மானத்தையும் ஒரே தாளில் எழுதத் தெரிந்த தலைமை அது. மே மாதம் நாதன் கைதாகி நாடுகடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் மாண்டனர்.

1948 மே மாதத் தொழிற்சங்கச் சட்டத் திருத்தம் நாதனைப் போன்ற வெளியாருக்குக் கதவடைத்தது. செயலாளர் நீங்கலாக மற்றப் பொறுப்பாளர்கள் அந்தந்தத் தொழிலில் குறைந்தது மூன்றாண்டு வேலை செய்தவர்களாக இருக்க வேண்டும் என்று அது விதித்தது. இடதுசாரிகளை வெளியேற்றுவதே உள்நோக்கம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அரசு எண்ணிப் பார்க்காத ஒரு விளைவும் அதற்கு உண்டு. படித்தவன் வந்து தலைமை தாங்கும் வழி குறுகியதும், தொழிலாளியே கூட்டக் குறிப்பு எழுதவும் கணக்குப் பார்க்கவும் பேச்சுவார்த்தை மேசையில் உட்காரவும் பழக வேண்டியதாயிற்று. 1954இல் பல சங்கங்கள் இணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானபோது, பி. பி. நாராயணன் தலைமையில் இந்தப் பழக்கம் முறையான பயிற்சியாக மாறத் தொடங்கியது. மிதவாதச் சங்கம் என்று அதைக் குறைசொல்வோர் உண்டு. குறை நியாயமானதுதான். என்றாலும் தோட்டப்புறத்துப் பிள்ளைகள் பலர் முதன்முதலில் ‘தீர்மானம்’, ‘வழிமொழிதல்’ போன்ற சொற்களை வாயால் சொன்னது சங்கக் கிளைக் கூட்டங்களில்தான் என்று கருதுகிறேன்.

கல்லூரி என்ற பெயருக்குப் பொருந்தும் முதல் நிறுவனம் 1956இல் வந்தது: பெட்டாலிங் ஜெயாவில் அமைந்த கூட்டுறவுக் கல்லூரி. அது பட்டம் வழங்கும் இடமாக இல்லாமல், கூட்டுறவுச் சங்கப் பொறுப்பாளர்களுக்கும் ஊழியர்களுக்கும் பயிற்சி தரும் இடமாக இருந்தது. இங்கே ஆய்வாளர்கள் அதிகம் கவனிக்காத ஒரு பொருத்தம் இருக்கிறது. 1950களில் ஐரோப்பிய முதலாளிகள் விற்ற தோட்டங்கள் துண்டாடப்படத் தொடங்கின; வேலையும் வீடும் ஒருங்கே போயின. 1960இல் வீ. தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளர் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்த பணத்தைக் கொண்டே தோட்டம் வாங்கியது. போராடத் தெரிந்தால் மட்டும் போதும் என்ற காலம் அத்தோடு முடிந்தது. பங்கு, ஈவுத்தொகை, தணிக்கை, ஆண்டுப் பொதுக்கூட்டம் எல்லாம் தெரிந்தாக வேண்டும். இன்று லாபநோக்கற்ற நிர்வாகம் என்று வகுப்பெடுக்கப்படும் பாடத்தில் பாதி அதுவே. ஒரு நகரத்தில் கல்லூரியும், நாடெங்கும் சிதறிய தோட்டங்களில் அதன் பாடத்துக்கான தேவையும் ஏறத்தாழ ஒரே காலத்தில் தோன்றின.

தலைமையைக் கற்க வேறு இரண்டு வழிகளும் இருந்தன. ஒன்று ஆசிரம வழி. சுவாமி சத்யானந்தா தோற்றுவித்த சுத்த சமாஜத்தில் தலைமை குரு–சீட மரபில் கைமாறியது. 1961இல் அவர் மறைந்தபின், அன்னை மங்களம் 2023இல் தாம் மறையும்வரை அதன் ஆதரவற்ற பிள்ளைகள் இல்லத்தையும் கல்விப் பணியையும் தாங்கினார். மற்றது மணிமன்ற வழி. கோ. சாரங்கபாணியின் ‘தமிழ் முரசு’ நாளிதழ் 1950களில் வளர்த்த மாணவர் மணிமன்றம், மலாயாவில் தமிழ் இளைஞர் மணிமன்றங்களாகப் பரவிப் பேச்சுப் பயிற்சியும் முகாம்களும் நடத்தியது. மேடைப் பேச்சையே தலைமை என்று நினைக்கும் நம் பழைய நோய்க்கு அதுவும் கொஞ்சம் காரணம். ஆனால் கிளை, பேரவை என்ற அடுக்கமைப்பை இளைஞர் கையாளப் பழகியதும் அங்கேதான். 1966ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டம் பதிவையும் ஆண்டறிக்கையையும் வலியுறுத்த, மணிமன்றத்தில் பழகிய செயலாளருக்கு மதிப்புக் கூடியது.

பல்கலைக்கழகம் இந்தக் கதைக்குள் நுழைவது எதிர்பாராத வழியில். 1971ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகங்கள் சட்டமும் 1975ஆம் ஆண்டுத் திருத்தமும் மாணவர்களைக் கட்சியிலிருந்தும் தொழிற்சங்கத்திலிருந்தும் விலக்கி வைத்தன. தோட்டத்திலிருந்து படித்து வந்த மாணவனுக்குத் தன் தந்தையின் சங்கத்தோடு தொடர்பு வைப்பதே சிக்கலாயிற்று. எஞ்சியது கல்விச் சேவை. 1982இல் மலாயாப் பல்கலைக்கழக விரிவுரையாளர் எம். தம்பிராஜா ஸ்ரீ முருகன் நிலையத்தைத் தொடங்கினார். பல்கலைக்கழக மாணவர்கள் வார இறுதிகளில் தோட்டப்புற, புறம்போக்குக் குடியிருப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினர். அங்கே படித்துத் தேறியவர்கள் பல்கலைக்கழகம் போய்த் தாமும் ஆசிரியர்களாகத் திரும்பினர். பெற்றோரைச் சந்திப்பது, இடம் பிடிப்பது, ஆசிரியர் வராத நாளில் மாற்று ஏற்பாடு செய்வது எல்லாம் இருபது வயதுக்காரரின் பொறுப்பு. அமெரிக்கக் கல்லூரிகள் ‘களப்பயிற்சி’ என்று மதிப்பெண் கொடுக்கும் வேலையை இவர்கள் மதிப்பெண்ணின்றிச் செய்தனர். அரசியல் நீங்கிய தொண்டு அது. 1941இன் தலைமை கேட்ட கேள்விகளை அது கேட்கவில்லை, தேர்வு முடிவுகளையே பார்த்தது. இந்த இழப்பைத் தம்பிராஜாவின் கணக்கில் எழுதுவது தவறு; சட்டத்தின் கணக்கில் எழுதலாம்.

சமூகப்பணிக்கான பட்டப்படிப்பு 1975இலேயே பினாங்கில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் தொடங்கியிருந்தது. இயக்கங்களில் வளர்ந்தோரும் அந்தப் பட்டதாரிகளும் பெரும்பாலும் தனித்தனிப் பாதையில் சென்றனர் என்றே நினைக்கிறேன். பட்டதாரிக்கு நலத்துறை வேலை. இயக்கத்தவருக்குப் பகலில் ஒரு பிழைப்பு, மாலையில் தொண்டு. தொண்டுக்குச் சம்பளம் வாங்குவதை நம் சமூகம் இன்னும் ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறது. 2010இல் அமைச்சரவை ஏற்ற சமூகப்பணியாளர் சட்டத் திட்டம் தகுதிச் சான்றைத் தொழிலின் அடிப்படையாக்க முனைந்தது. அது பல ஆண்டுகள் இழுபட்டதில், கூட்டுறவிலும் மணிமன்றத்திலும் கற்றவர்களின் அனுபவத்தை எப்படி அளப்பது என்ற கேள்வி விடையின்றி நின்றது.

இதற்கிடையே 2019இல் நாடாளுமன்றம் இளைஞர் அமைப்புகள் சட்டத்தைத் திருத்தி, இளைஞர் வயது வரம்பை 40இலிருந்து 30 ஆகக் குறைத்தது. நாற்பதை நெருங்கும் தலைவர்களை வைத்தே ஓடிவந்த மன்றங்களுக்கு இது பெரிய அடி. பட்டம் பெற்று வெளிவரும் இளைஞருக்கு இனி ஆறேழு ஆண்டுகளே மிச்சம். கிளைச் செயலாளராகத் தொடங்கி மெல்ல மெல்லக் கற்கும் பழைய முறைக்கு அந்தக் காலம் போதாது. அந்தப் பயிற்சியின் முற்பகுதியையாவது கல்லூரி வகுப்பறை ஏற்க வேண்டிய கட்டாயத்தை, முன்பு போலவே, ஒரு சட்டம்தான் உண்டாக்கியிருக்கிறது.