தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்

இயக்குநர் பா. இரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் உருவாக்கிய தமிழ்ச் சுயாதீன இசைக்குழு. 19 பேருடன் 2018 ஜனவரியில் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடை ஏறியது. சாதியற்ற அடையாளம் குறித்த அயோத்திதாசரின் சிந்தனையே பெயருக்கு ஊற்று. கானா, ராப், ராக் மூன்றும் இதில் சமமாக ஒலிக்கின்றன. பறையும் மின்கிதாரும் ஒன்றுக்கொன்று பின்னணியாகத் தாழ்வதில்லை. இக்குழு வளரும் என நம்புவதற்கு வலுவான காரணம் இதுதான்.

இக்குழு பாடும் வடசென்னைக் கானா நெல்லையின் தாமிரபரணிக் கரையில் எடுபடாது என்பார்கள். ஆனால் நெல்லை வில்லிசையே வில், குடம், உடுக்கை, ஜால்ரா என்று அண்ணாவியும் பக்கப்பாட்டுக்காரர்களும் சேர்ந்து இசைக்கும் குழுக்கலை. கொடை விழாக்களில் இரவெல்லாம் கதைப்பாட்டுக் கேட்டுப் பழகிய காதுகள் இங்கே உண்டு. சாதியின் காயத்தை இந்த மண்ணிலேயே வைத்துச் சொன்ன ‘பரியேறும் பெருமாள்’ (2018) இரஞ்சித்தின் தயாரிப்பே. வட்டார வழக்கு வேறு, பாடுபொருள் ஒன்று.