விழுக்காட்டில் அடங்காத குறிப்பு

ஆளுமைப் பயிற்சி வகுப்புகளில் ஒரு கணக்கு தவறாமல் பலகையில் ஏறுகிறது: நாம் தெரிவிப்பதில் சொல்லின் பங்கு 7 விழுக்காடு, குரலின் பங்கு 38, உடல்மொழியின் பங்கு 55. நான் திருத்திய விடைத்தாள்களிலும் இதைப் பலமுறை கண்டிருக்கிறேன். மறுக்க மனமில்லாமல் மதிப்பெண்ணும் போட்டிருக்கிறேன். சொல்லையும் சொல்லல்லாததையும் இப்படித் தராசில் வைத்து நிறுக்கலாம் என்ற எண்ணமே பிழை என்பது இக்கட்டுரையின் வாதம். தமிழ் இலக்கணம் ‘குறிப்பு’ என்று வழங்கும் கருத்து, இந்தச் சிக்கலை வேறு முனையிலிருந்து அவிழ்க்க உதவும்.

கணக்கின் மூலவர் ஆல்பர்ட் மெஹ்ராபியன். கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தைச் சேர்ந்த இந்த உளவியலாளர், 1967-இல் வேறு சிலருடன் சேர்ந்து இரண்டு ஆய்வுகளை வெளியிட்டார். முதலாவதில் தனிச்சொற்கள் சில வெவ்வேறு தொனிகளில் ஒலிக்கப்பட்டன. இரண்டாவதில் ‘ஒருவேளை’ என்று பொருள்படும் ஒரே ஆங்கிலச் சொல்லைப் பல தொனிகளில் கேட்கச் செய்து, கூடவே முகங்களின் ஒளிப்படங்களைக் காட்டினார்கள். பேசியவர் மனத்தில் இருப்பது விருப்பா வெறுப்பா என்று கேட்போர் ஊகிக்க வேண்டும். முழு வாக்கியம் கிடையாது, உரையாடல் கிடையாது. கை, தோள், நிற்கும் தூரம் எதுவும் கிடையாது. சொல், குரல், முகம் மூன்றையும் ஒரே சோதனையில் ஒப்பிடவும் இல்லை. இரண்டு ஆய்வுகளின் முடிவுகளைக் கூட்டிச் செய்ததே அந்தச் சூத்திரம். அவர் ‘முகம்’ என்று எழுதியது வழியில் எங்கோ ‘உடல்மொழி’ ஆகிவிட்டது. உணர்வு, மனப்பாங்கு பற்றிய பேச்சுக்கு வெளியே இது செல்லாது என்று மெஹ்ராபியனே விளக்கியிருக்கிறார். ரயில் எந்த நடைமேடைக்கு வரும் என்பதை எப்பேர்ப்பட்ட முகபாவமும் சொல்லிவிடாது.

தமிழில் இந்தக் குழப்பத்துக்கு ஒரு கலைச்சொல்லும் துணைபோயிருக்கிறது. ‘வாய்மொழித் தொடர்பு’, ‘வாய்மொழி அல்லாத தொடர்பு’ என்று பிரித்து எழுதும் வழக்கம் நம்மிடம் உண்டு. கடிதம் வாயால் பேசப்படுவதில்லை. ஆனால் முழுக்கச் சொல்லால் ஆனது. பெருமூச்சும் கனைப்பும் ‘ப்ச்’ கொட்டுவதும் வாயிலிருந்துதான் வருகின்றன; அவை சொற்கள் அல்ல. காது கேளாதோரின் சைகைமொழி கைகளில் நிகழ்கிறது. அதற்கும் முறையான அமைப்பு உண்டு என்பதை, அமெரிக்கச் சைகைமொழியை ஆராய்ந்து வில்லியம் ஸ்டோக்கோ 1960-இலேயே காட்டினார். பேருந்து நடத்துநரின் ஒற்றை விசிலுக்கு வண்டி நிற்கிறது, இரட்டை விசிலுக்குக் கிளம்புகிறது. அதில் சொல்லும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. ‘சொல்சார்’, ‘சொல்சாரா’ என்று வழங்குவதே சரி. ஆனாலும் பெயரை மாற்றினால் மட்டும் இரண்டுக்கும் நடுவே கோடு விழுந்துவிடாது.

கல்யாணப் பந்தியைக் கவனிப்போம். பரிமாறுபவர் சோற்றுக் கரண்டியை இலைக்கு மேலே கொண்டுவருகிறார். உண்பவர் ‘போதும், போதும்’ என்கிறார். இடக்கை குறுக்கே விரிந்து இலையை மறைத்து, உடம்பும் சற்று முன்சாய்ந்தால் கரண்டி அடுத்த இலைக்குப் போய்விடும். கை அரையடி உயரத்தில் தயங்கி நின்றால் இன்னும் அரைக் கரண்டி விழும், உண்பவரும் கோபித்துக்கொள்வதில்லை. சொல் இரண்டிடத்திலும் ஒன்றே. அப்படியானால் கைதான் மெய், சொல் வெற்றோசை என்று முடிவுகட்டத் தோன்றும். ‘போதும்’ என்று சொல்லாமல் கையை மட்டும் அதே அரையடி உயரத்தில் நிறுத்தினால் என்ன ஆகும்? ரசம் கேட்கிறாரா, ஈ ஓட்டுகிறாரா என்று பரிமாறுபவர் விழிப்பார். மறுப்புச் சொல் முன்னால் நிற்பதால்தான் கையின் தயக்கம் தயக்கமாகத் தெரிகிறது. போதாததற்கு, உண்பவர் சம்பந்தி வீட்டுக்காரரா, சொந்தத் தங்கை மகனா என்பதும் கணக்கில் சேர்கிறது. சம்பந்தி சொல்லும் முதல் ‘போதும்’ எந்த ஊரிலும் நம்பப்படுவதில்லை.

சொல்சாராதது என்றாலே மனத்தின் கசிவு, ஆகவே அது பொய் சொல்லாது என்ற நம்பிக்கையும் பரவலாக உண்டு. மாட்டுச் சந்தையில் இது அப்படியே தலைகீழாகிறது. தரகரும் வாங்க வந்தவரும் கைகளைத் துண்டால் மூடிக்கொண்டு விரல்களைப் பிடித்து விலை பேசுகிறார்கள். எத்தனை விரல் பிடிபட்டது என்பதே எண். அது நூறா ஆயிரமா என்பது மாட்டைப் பார்த்தவருக்கே தெரியும். சுற்றி நிற்பவர்களுக்காக வாய் மாட்டின் பல்லையும் சுழியையும் குறைசொல்லிக்கொண்டிருக்கும். முகத்தில் சலிப்பு படிந்திருக்கும். துண்டுக்குள்ளே பேரம் துல்லியமாக நடக்கும். இங்கே விரல் செய்வது சொல்லின் வேலை. சொல்லும் முகமும் செய்வது திரையின் வேலை. முகத்துக்கு 55 விழுக்காடு கொடுத்துக் கணக்குப் போடுபவர் இந்தச் சந்தையில் ஒரு கன்றுக்குட்டிகூட வாங்க முடியாது.

தமிழ் இலக்கணத்தில் ‘குறிப்பு’ என்ற ஒரே சொல் சொல்சார், சொல்சாரா என்ற இரு பக்கமும் நடமாடுகிறது. காலத்தை வெளிப்படக் காட்டாத வினை குறிப்புவினை. தொல்காப்பியப் பெயரியல், பொருள் வெளிப்படையாகத் தோன்றுவதையும் குறிப்பில் தோன்றுவதையும் பிரித்துச் சொல்கிறது. எச்சவியல் அடுக்கும் பத்து எச்சங்களில் குறிப்பெச்சமும் ஒன்று. இவையெல்லாம் சொல்லுக்குள் இருக்கும் குறிப்புகள். முகக்குறிப்பு, குறிப்பறிதல் என்னும்போது அதே சொல் உடம்புக்கு வருகிறது. இதைத் தற்செயலான வழக்கு என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. சொல்லப்படாமல் உணரப்படுவது எதுவோ, அது தொடரிலிருந்து வந்தாலும் புருவத்திலிருந்து வந்தாலும் ஒரே வகை என்று கருதிய பார்வை இதன் பின்னால் இருக்கிறது.

இதற்குத் திருக்குறளை வைத்தே ஒரு தடை எழுப்பலாம். கண்ணும் கண்ணும் இசைந்துவிட்டால் பேச்சுக்குப் பயனில்லை என்றுதானே காமத்துப்பாலின் குறிப்பறிதல் முடிகிறது? ஆம். ஆனால் வள்ளுவர் அதே தலைப்பில் இரண்டு அதிகாரங்கள் வைத்திருக்கிறார். 71-ஆவது அதிகாரத்தில் அரசனின் மனத்தை அமைச்சன் படிக்கிறான். 110-ஆவதில் காதலியின் பார்வையைக் காதலன் படிக்கிறான். இடமும் உறவும் மாறியதும் படிக்கும் முறையும் மாறிவிடுகிறது. காதலன் படித்த அதே பார்வையை அரசவையில் நிற்கும் அமைச்சன் படித்தால் பதவி போய்விடும்.

சொல்லையும் அசைவையும் பிரித்து நிறுக்க முடியாது என்பதற்கு இன்னொரு சான்றையும் விட்டுவிடக் கூடாது. ஜனா ஐவர்சனும் சூசன் கோல்டின்-மீடோவும் 1998-இல் ‘நேச்சர்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பிறவியிலேயே பார்வையற்றவர்கள், எதிரே இருப்பவரும் பார்வையற்றவரே என்று அறிந்தும், பேசும்போது கைகளை அசைத்தார்கள். பார்ப்பவர் எவருமில்லாத அந்தக் கையசைவைத் தனியான ஓர் அலைவரிசையாக எண்ணுவது கடினம். அது பேச்சோடு சேர்ந்தே பிறக்கிறது.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகளை வகுத்து, ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைக்களன்களைக் கூறுகிறது. நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன். சிரிப்பு ஒன்றாகத் தெரியலாம். அது ஏளனமா, குழந்தைத்தனமா என்பதைக் களன்தான் முடிவு செய்யும். இது செய்யுளுக்கான இலக்கணம், இதைத் தொடர்பியல் கோட்பாடாக்குவது மிகை என்பார்கள். ஒரு பகுதி உண்மைதான். எனினும் அவ்வியலின் இறுதி நூற்பா, கண்ணாலும் செவியாலும் நுட்பமாக உணரக்கூடியவர்க்கன்றி இப்பொருள் பிடிபடாது என்று காண்பவர்மீதும் பொறுப்பை வைக்கிறது. 1967-இன் ஆய்வறையில் இருந்தவர்களுக்குக் கண்ணும் இருந்தது, செவியும் இருந்தது. களன் மட்டும் தரப்படவில்லை. யார், யாரிடம், எதற்காகப் பேசினார் என்று அறிய வழியில்லாதபோது கைக்கு எட்டியவை தொனியும் ஒளிப்படமும்தான். அவற்றைப் பிடித்துக்கொண்டு விடை சொன்னார்கள். 38, 55 என்ற எண்களில் பதிவாகியிருப்பது அவர்களுடைய அந்த நிலைமைதான்.