கல்யாணக் காசு கல்லூரிக்குப் போன கதை

எங்க ஆறுமுகநேரிப் பக்கம் பெரியவர்களிடம் ‘மூவலூர் இராமாமிர்தம் திட்டம்’ என்று சொல்லிப் பாருங்கள். "கல்யாணத்துக்குப் பணமும் தங்கமும் கொடுத்தாங்களே, அதுவா?" என்பார்கள். அதே அம்மையார் பெயரில் இப்போது கல்லூரி மாணவிகளுக்கு மாதாமாதம் பணம் வருகிறது என்றால் சிலர் நம்புவதில்லை. ஒரு உதவி, பெற வேண்டியவர் காதுக்கு எப்படிப் போய்ச் சேருகிறது? கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம்.

தேவதாசி முறையை எதிர்த்துப் போராடியவர் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார். அவர் பெயரில் 1989இல் திருமண உதவித் திட்டம் வந்தது. தொகை 5,000 ரூபாய். மணப்பெண் எட்டாம் வகுப்பு வரை படித்திருக்க வேண்டும். என்னைக் கேட்டால், அந்த நிபந்தனைதான் அதற்கு விளம்பரமே. பிள்ளையைப் பாதியில் நிறுத்த நினைக்கும் வீட்டிலும் "எட்டாவதை முடிச்சிரட்டும்" என்று சொல்ல ஒரு காரணம் கிடைத்தது. பிறகு அது பத்தாம் வகுப்பானது. 2011இல் தாலிக்கு 4 கிராம் தங்கமும் சேர்ந்தது. பட்டம் படித்த பெண்ணுக்கு 50,000 ரூபாய். கல்யாண வீட்டுக்குத் தங்கம் வந்தால் அடுத்த தெருவுக்குத் தெரியாமலா இருக்கும்? நோட்டீஸே தேவைப்படவில்லை.

2022இல் அந்தத் திட்டத்தை உயர்கல்வி உறுதித் திட்டமாக மாற்றினார்கள். செப்டம்பர் 5 அன்று சென்னை பாரதி மகளிர் கல்லூரியில் ‘புதுமைப்பெண்’ என்ற பெயரில் தொடக்கம். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண், பட்டமோ டிப்ளமோ ஐடிஐயோ முடிக்கும்வரை மாதம் 1,000 ரூபாய். ஆனால் வங்கிக் கணக்கில் சத்தமில்லாமல் விழும் பணம், கல்யாணத் தங்கம் மாதிரி ஊருக்குத் தெரியாது. அந்தக் குறையை ஈடுகட்டத்தான் கல்லூரி மூலமாகவே பதிவு செய்யும் ஏற்பாடு. மாணவி ஆபீஸ் ஆபீஸாக அலைய வேண்டாம். நல்ல ஏற்பாடுதான்.

சிக்கல் வேறு இடத்தில். ‘அரசுப் பள்ளி’ என்ற சொல் மனதில் ஆழமாகப் பதிந்துவிட்டது. எங்கள் கடற்கரையிலோ திருச்சபைகளும் சமுதாய நிர்வாகங்களும் நடத்தும் அரசு உதவிபெறும் பள்ளிகள் நிறைய. அங்கே படித்த பிள்ளைகள் "இது நமக்கில்ல" என்று ஒதுங்கியது அன்று சரிதான். 2024 டிசம்பர் 30 அன்று தூத்துக்குடியிலேயே அது மாறியது. உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்த மாணவிகளுக்கும் திட்டம் விரிந்தது. விதி ஒரே நாளில் மாறிவிடும். காதில் விழுந்த பழைய பேச்சு அப்படி மாறாது. "அது கவர்மெண்ட் ஸ்கூல் பிள்ளைகளுக்குத்தானே?" என்ற கேள்வி இன்னும் வருகிறது.

அதனால் எனக்கு ஒரு யோசனை. கல்லூரியில் சேரும் நாளில் "புதுமைப்பெண் தெரியுமா?" என்று கேட்காதீர்கள். "தெரியும், எனக்குக் கிடைக்காது" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள். "ஆறாவதுல இருந்து எந்த ஸ்கூல்? தமிழ் மீடியமா?" என்று கேளுங்கள். தகுதி உண்டா இல்லையா என்று அவள் முடிவு செய்ய வேண்டியதில்லை. பதிவு செய்பவர் பார்த்துச் சொல்லட்டும். 2024 ஆகஸ்டில் தொடங்கிய, பையன்களுக்கான ‘தமிழ்ப் புதல்வன்’ திட்டத்துக்கும் இதே கேள்விகள் போதும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பளத்தில் வேலை இருக்காது. அந்த மாதங்களில் 1,000 ரூபாய் என்பது அவள் பஸ்ஸுக்கும் நோட்டுக்கும் வீட்டில் கை நீட்டாமல் இருப்பது.