வைக்கத்துத் தெருவும் அஹிம்சையின் விலையும்

வலியசாலையில் காந்தளூர் மகாதேவர் கோவிலை அடுத்த தெருக்களில், சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள் இரு மருங்கும் வரிசையாக நிற்கின்றன. திருவிதாங்கூர் மன்னர் காலத்திலிருந்து தமிழ் அந்தணர் குடியிருந்துவரும் அக்கிரகாரம் இது. இன்று இவ்வழியே பள்ளிச் சிறாரும் காய்கறி விற்போரும் அலுவலகம் செல்வோரும் போகின்றனர். ‘நீ என்ன குலம்?’ என்று எவரும் எவரையும் மறிப்பதில்லை. தெருவில் நடப்பது ஓர் உரிமை என்பதே நமக்கு நினைவில் எழுவதில்லை. ஆயின், நூறாண்டுகளுக்கு முன் இதே சமஸ்தானத்தில் ஒரு தெருவில் நடப்பதற்காக இருபது மாதங்கள் போராட வேண்டியிருந்தது.

தாய்நாட்டை விட்டு வடக்கேயும் கிழக்கேயும் வாழும் தமிழன்பர்கள் பலர், ‘அஹிம்சை என்பது உயர்ந்த சொல்தான், அது அரசியலில் உண்மையாகவே பயன் தருமா?’ என்று கேட்பதுண்டு. இக்கேள்விக்கு நூல்களில் விடை தேடுவதைவிட வைக்கத்தில் தேடுவது நன்று என்பது நம் கருத்து.

வைக்கத்து மகாதேவர் கோவிலைச் சுற்றியுள்ள தெருக்களில் ஈழவரும் புலையரும் நடக்கக் கூடாது. அவ்வெல்லையைத் தீண்டல் பலகைகள் காட்டி நின்றன. கிறிஸ்தவரும் முகம்மதியரும் அதே தெருக்களில் தடையின்றிப் போயினர் என்பதுதான் இதில் விந்தை. 1923-ல் காக்கிநாடா காங்கிரஸில் டி. கே. மாதவன் இப்பிரச்சினையை எழுப்பினார். 1924 மார்ச் 30-ஆம் நாள் குஞ்ஞாப்பி என்னும் புலையர், பாகுலேயன் என்னும் ஈழவர், கோவிந்தப் பணிக்கர் என்னும் நாயர் ஆகிய மூவர் கைகோத்துத் தெருவை நோக்கிச் சென்று சிறைப்பட்டனர். நாள்தோறும் மும்மூவராகத் தொண்டர் சென்றனர். மாதவன், கே. பி. கேசவ மேனன், ஜார்ஜ் ஜோசப் முதலிய தலைவர்கள் சில நாட்களுக்குள் சிறையிலடைக்கப்பட்டனர்.

தலைவரின்றிப் போராட்டம் தளரும் நிலையில், ஏப்ரல் 13-ல் ஈ. வெ. ராமசாமி ஈரோட்டிலிருந்து வந்தார். அப்போது அவர் தமிழ்நாட்டுக் காங்கிரஸ் தலைவர். முதலில் ஒரு மாதம் அருவிக்குத்திச் சிறை. விடுதலையானதும் மீண்டும் போராட வந்தமையால் நான்கு மாதக் கடுங்காவல், திருவனந்தபுரம் மத்தியச் சிறையில். வலியசாலையிலிருந்து பூஜப்புரை அதிகத் தொலைவில் இல்லை. அங்கே அவர் காலில் விலங்கும் கழுத்தில் மரப்பலகையுமாகக் கொலைக் குற்றவாளிகளோடு வேலை செய்ததைச் சக கைதியான கேசவ மேனன் எழுதியிருக்கிறார். வெளியே நாகம்மையார் பெண்களைத் திரட்டிப் போராட்டத்தைத் தொடர்ந்தார்.

சர்க்கார் விரைவில் ஒரு தந்திரம் கண்டது. கைது செய்தால்தானே தொண்டருக்குப் பெருமை? ஆகவே கைதை நிறுத்தித் தெருவை வேலியிட்டு மறித்தது. தொண்டர்கள் வேலிக்கு வெளியே வெயிலில் அமர்ந்து நூல் நூற்றனர். பின்னர் மலையாளிகள் ‘தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம்’ என்று இன்றளவும் சொல்லும் பெருவெள்ளம் வந்தது. கொல்லம் ஆண்டு 1099. ஆங்கில ஆண்டு 1924. கழுத்தளவு நீரில் தொண்டர்கள் நிற்க, போலீசார் படகிலிருந்து காவல் காத்தனர். காட்சி வீரமானதுதான், அதனால் வேலி ஓர் அங்குலமும் நகரவில்லை. எதிர்ப்பாளரின் அடியாட்கள் ராமன் இளையது என்பவரின் கண்களில் சுண்ணாம்பை அப்பினர். தாக்கப்பட்ட சிற்றேடத்துச் சங்குப் பிள்ளை மாண்டார்.

துன்பத்தைத் தானே ஏற்றால் எதிரியின் உள்ளம் உருகும் என்பது அஹிம்சைக் கோட்பாட்டின் உயிர்நிலை. வைக்கத்தில் அது உருகியதா? 1925 மார்ச்சில் காந்தியடிகளே வந்து, இண்டந்துருத்தி மனையில் நம்பியாதிரியோடு வாதிட்டார். வைசியரான அவரை மனைக்குள் அழைக்கவில்லை. வெளியே தனியிடத்தில் இருத்தியே பேசினர். சவர்ணரிடையே வாக்கெடுப்பு, சாஸ்திர ஆராய்ச்சி, நடுவர் தீர்ப்பு என மூன்று வழிகளைக் காந்தியடிகள் கூறினார். மூன்றையும் மறுத்தனர். நாம் மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவர்கள். ‘மனமாற்றம்’ என்ற சொல்லைப் பலமுறை எழுதியிருக்கிறோம். இம்மனையின் வாயிலில் அச்சொல்லுக்குப் பொருள் கிடைக்கவில்லை.

மாற்றம் வேறிடத்தில் நிகழ்ந்தது. வேலியையும் வெள்ளத்தையும் கண்ட பிற சவர்ணருக்கு வெட்கம் பிறந்தது. 1924 நவம்பரில் மன்னத்துப் பத்மநாபன் தலைமையில் வைக்கத்திலிருந்து சவர்ணர் ஊர்வலம் ஒன்று கால்நடையாகத் தலைநகருக்கு வந்தது. தெற்கே நாகர்கோவிலிலிருந்து டாக்டர் எம். ஈ. நாயுடு தலைமையில் மற்றொன்று வந்தது. இருபத்தையாயிரத்துக்கும் மேற்பட்ட சவர்ணர் கையொப்பமிட்ட மனுவை ஆட்சிப் பொறுப்பிலிருந்த மகாராணி சேது லட்சுமி பாயியிடம் கொடுத்தனர். ஆகவே அஹிம்சை எதிரியை வெல்லவில்லை. எதிரியின் பின்னால் நின்ற கூட்டத்தைப் பிரித்தது. அதன் உண்மையான ஆற்றல் அங்கேதான் இருக்கிறது என்று கருதுகிறோம். குண்டோ கல்லோ எறிந்திருந்தால் அந்நாயர்கள் நடந்து வந்திருக்க மாட்டார்கள்.

இருந்தும் பயன் எவ்வளவு? 1925 பிப்ரவரியில் சட்டசபையில் என். குமாரன் கொண்டுவந்த தீர்மானம் ஒரே வாக்கில் தோற்றது: ஆதரவு 21, எதிர்ப்பு 22. நவம்பரில் உடன்பாடு ஏற்பட்டபோது மூன்று பக்கத் தெருக்கள் திறந்தன. கிழக்குப் பக்கம் மூடியே இருந்தது. போராட்டம் நிறைவுற்றது. மூன்றேகால் வென்றோம் என்றுகூடச் சொல்ல இயலாது, மூன்று பங்குதான். வேலிக்கு முன் நின்று காத்திருப்பதை விரும்பாதோரும் உண்டு. ஸ்ரீ நாராயண குருவே, தொண்டர்கள் வேலியைத் தாண்டி உள்ளே செல்ல வேண்டும் என்று கூறியதாகச் செய்தி வந்தது. ஆனால் தம் மடத்தைப் போராட்டத்துக்கு விட்டுக்கொடுத்ததும் ஆயிரம் ரூபாய் அளித்ததும் அவரே. ஆயிரமாண்டு காத்திருந்தவரிடம் இன்னும் சற்றுப் பொறு என்பது எளிதன்று என்பதை அவர் அறிந்திருந்தார்.

கோவிற் கதவுகள் 1936 நவம்பர் 12-ல்தான் திறந்தன. மகாராஜா சித்திரைத் திருநாளின் பிரகடனம் அது. அதற்குள் ஈழவரிடையே ‘மதம் மாறுவோம்’ என்ற பேச்சு வலுத்திருந்தது. 1935-ல் டாக்டர் அம்பேத்கர் இயோலாவில் செய்த அறிவிப்பும் சமஸ்தானத்தைக் கலக்கியிருந்தது. வைக்கம் மட்டுமே கதவைத் திறந்தது என்பார் கூற்று நமக்கு உடன்பாடன்று. வைக்கம் இன்றேல் கதவைத் தட்டவே கை எழுந்திராது என்பதையும் மறுக்க மாட்டோம்.

சென்ற ஓணம் விடுமுறையில் வைக்கம் சென்று வந்தோம். கோவிலைச் சுற்றி நான்கு தெருக்களிலும் நடந்தோம்; கிழக்குத் தெருவில் சற்று மெதுவாக. காந்தியடிகளைப் புறத்தே இருத்திய இண்டந்துருத்தி மனை இப்போது கள்ளிறக்கும் தொழிலாளர் சங்கத்தின் அலுவலகம். வாயில் திறந்திருந்தது, உள்ளே ஒருவர் கணக்குப் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்தார்.