கொடுமுடி ரயிலிலிருந்து தேசிய விருது வரை

மலர்க் குழு நண்பர் போனில் பிடித்துவிட்டார். "நம்ம சங்கத்தின் பேரில் இந்த வருசம் முதல் பாட்டுப் போட்டி வைக்கிறோம். சுழற்கோப்பை கூட ஒருத்தர் வாங்கிக் கொடுத்துட்டார். நீங்க ஹிஸ்டரிக்காரர், பாட்டுப் போட்டியைப் பத்தி மலருக்கு நாலு பக்கம் எழுதிக் கொடுங்க" என்றார். கூடவே போட்டி விதிகளின் நகலையும் அனுப்பி வைத்தார். முதல் நான்கு விதிகள் வழக்கமானவை. ஐந்தாவது விதியில் கண் நின்றுவிட்டது. 'பங்கேற்போர் முறைப்படி இசை பயின்றதற்கான சான்றிதழை இணைக்க வேண்டும்.'

அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கட்டுரை.

திரைப்படப் பின்னணிப் பாடகிக்கு என்று இந்திய அரசு தனியாகத் தேசிய விருது கொடுக்கத் தொடங்கியது 1968-ஆம் ஆண்டுப் படங்களிலிருந்து. அதற்கு முந்தைய ஆண்டே பாடகருக்கான விருது வந்துவிட்டது. பாடகிக்கு ஓராண்டு தாமதம். முதல் விருதை 'உயர்ந்த மனிதன்' படத்துக்காகப் பி. சுசீலா பெற்றார். இது பலருக்கும் தெரியும். இரண்டாவதாகப் பெற்றவர் யார் என்று நம் மாணவர்களிடம் கேட்டுப் பாருங்கள். லதா மங்கேஷ்கர் என்பார்கள். லதாவுக்கு அந்த விருது முதலில் கிடைத்தது 1972-ஆம் ஆண்டுப் படத்துக்குத்தான். இரண்டாவது விருது, 1969-ஆம் ஆண்டுக்கானது, வந்து சேர்ந்த இடம் நம் காவிரிக் கரை. கொடுமுடி கே.பி. சுந்தராம்பாள். படம் 'துணைவன்'. அப்போது அவருக்கு வயது 61.

இன்னொரு சங்கதியும் உண்டு. 'துணைவன்' தேவர் எடுத்த படம். தயாரித்தவர் சாண்டோ சின்னப்பா தேவர், கோவை ராமநாதபுரத்துக்காரர், மருதமலை முருகனே கதி என்று கிடந்தவர். இயக்கியவர் அவருடைய தம்பி எம்.ஏ. திருமுகம். பாடியவர் கொடுமுடி. ஆக, அந்தத் தேசிய விருதில் முக்கால்வாசி கொங்கு நாட்டுச் சரக்கு என்று சொன்னால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். (இசை கே.வி. மகாதேவன். அவரையும் நம்மூர்க்காரர் என்று சொல்லிவிட ஆசைதான், வரலாறு படித்தவன் சொல்லக்கூடாது.)

சுந்தராம்பாள் பிறந்தது 1908 அக்டோபரில். கொடுமுடி அன்று கோவை மாவட்டத்தில் இருந்தது. பெரியார் மாவட்டம் பிரிந்தது 1979-இல்தான். 'கே.பி.' என்பதில் கே கொடுமுடி, பி பாலாம்பாள், அதாவது தாயார் பெயர். தலையெழுத்தில் ஊரும் தாயும்தான். ஏழைக் குடும்பம். ஈரோடு - திருச்சி பாதையில் ஓடும் ரயிலில் பாடிக் காசு வாங்கிக் குடும்பத்தைக் காப்பாற்றிய சிறுமி அவர் என்பது எங்கள் பக்கத்தில் மூன்று தலைமுறையாகச் சொல்லிவரும் செய்தி. ரயில்வே அதிகாரியும் நாடகப் பிரியருமான திருச்சி எஃப்.ஜி. நடேச ஐயரின் காதில் அந்தக் குரல் விழுந்ததும், நாடக மேடை அவருக்குத் திறந்தது. பெரிய வித்துவான் வீட்டில் வருசக்கணக்கில் இருந்து பாடம் கேட்டு, பிறகு சபாவில் ஏறுகிற வழியில் வந்தவர் அல்ல அவர். அவருக்குப் பள்ளிக்கூடம் முதலில் ரயில், பிறகு மேடை.

இங்கே மாணவர்களுக்கு அந்த மேடையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மேல்நாட்டில் 'ஆப்பெரா' என்கிறார்களே, கதை முழுவதையும் பாட்டாகவே நடிப்பது, அதற்கு நம்மிடம் இருந்த நெருங்கிய சொந்தம் இசை நாடகம். சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) எழுதிக் கொடுத்த வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன் போன்றவை. இரவு சாப்பாட்டுக்குப் பின் தொடங்கினால் விடியும் வரை நடக்கும். இதில் 'ஸ்பெஷல் நாடகம்' என்று ஒரு வகை. வள்ளி ஒரு ஊர்க்காரி, வேலன் இன்னொரு ஊர்க்காரர், நாரதர் மூன்றாவது ஊர். ஒத்திகை கிடையாது. எல்லாருக்கும் பாடம் தெரியும் என்ற ஒரே நம்பிக்கையில் அன்று ராத்திரி மேடையில் சந்தித்துக்கொள்வார்கள். வேலனும் வள்ளியும் தர்க்கம் செய்யும் கட்டம் வந்தால் அது கதை அல்ல, நிஜப் போட்டி. அவர் ஒரு சங்கதி போட்டால் இவர் இரண்டு போட வேண்டும். நடுவர் யார்? தரையில் துண்டை விரித்து உட்கார்ந்திருக்கும் ஆயிரம் பேர். "ஒன்ஸ்மோர்" என்ற சத்தம்தான் மார்க்கு.

மைக் கிடையாது. ஹார்மோனியத்தையும் மிருதங்கத்தையும் ஜனங்களின் பேச்சையும் தாண்டிக் கடைசி வரிசைக்குக் குரல் போய்ச் சேர வேண்டும். அதனால்தான் அந்தக் காலத்து நாடகப் பாடகர்கள் சுருதியை உச்சத்தில் வைத்துப் பாடினார்கள். ஆப்பெராவிலும் இதே கணக்குத்தான்; ஒலிபெருக்கி இல்லாமல் ஒரு முழு வாத்தியக் குழுவைத் தாண்டிக் குரல் எழ வேண்டும். அமெரிக்காவில் மெட்ரோபாலிடன் ஆப்பெரா நாடு முழுக்க வட்டாரம் வட்டாரமாகக் குரல் போட்டி வைத்து, கடைசிச் சுற்றில் தேறியவர்களைத் தன் பெரிய மேடையிலேயே வாத்தியக் குழுவோடு பாட வைக்கிறது. தாளில் எழுதி வாங்குகிற பரீட்சையில் அந்தக் குரல் பிடிபடாது என்று அவர்களுக்குத் தெரியும்.

என் அப்புச்சி இளவயதில் கொடுமுடியம்மா நாடகத்துக்கு வண்டி கட்டிக்கொண்டு போனவர். மைக் இல்லாமல் எப்படிக் கேட்கும் என்று நான் சின்னப் பையனாகக் கேட்டபோது சிரித்தார். "மைக்கு என்னத்துக்குக் கண்ணு? அந்தம்மா பாடுனா ஆத்துக்கு அக்கட்டால இருக்கறவனுக்கும் கேக்குமே!" கொஞ்சம் மிகைதான். கொடுமுடியில் காவிரியின் அகலம் எனக்குத் தெரியும். ஆனாலும் அப்புச்சி சொன்ன தோரணையில் சந்தேகத்துக்கு இடமே இல்லை.

1926-இல் இலங்கையில் நாடகம் போட்டபோதுதான் செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் சேர்ந்தார்கள். மேடையில் அவர் உச்சத்துக்குப் போனால் இவரும் போவார். யார் ஜெயித்தது என்று ஜனங்கள் வீடு போகும் வரை வாதாடிக்கொண்டே போவார்களாம். 1927-இல் திருமணம். கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே குடும்பம் இருந்தது. இருவரும் பிறந்த சாதியும் வேறு வேறு. அந்த வாழ்க்கையின் சிக்கல்களைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது, நான் நீட்டப் போவதில்லை. 1933 டிசம்பரில் கிட்டப்பா மறைந்தார். 27 வயது. அம்மையாருக்கு 25. அன்று உடுத்திய வெள்ளைச் சேலையை அவர் 1980-இல் கண்மூடும் வரை மாற்றவில்லை. எந்த ஆண் நடிகருடனும் ஜோடியாக நடிப்பதில்லை என்றும் முடிவெடுத்தார்.

இங்கே கதை முடிந்திருக்க வேண்டும். இசை நாடகமே ஜோடிப் பாட்டால் நிற்கும் கலை. ஜோடி இல்லை என்றால் பாதி நாடகங்கள் இல்லை. 25 வயதில் தன் தொழிலில் பாதியைத் தானே மூடிக்கொண்ட பெண், அப்புறம் 40 ஆண்டுகளுக்கு மேல் எப்படிப் பாடினார்?

வழிகளை அவரே திறந்துகொண்டார். காங்கிரஸ் மேடைகளில் தேசியப் பாடல் பாடினார். சத்தியமூர்த்தி அவரைக் கூட்டங்களுக்கு அழைத்துப் போனார். சினிமாவில் ஜோடி இல்லாத வேடங்கள். 1935-இல் 'நந்தனார்', அதுவும் ஆண் வேடம். சம்பளம் ஒரு லட்ச ரூபாய்! அந்தக் காலத்து லட்சம், கேட்டவர்கள் மூக்கில் விரல் வைத்தார்கள். கர்நாடக சங்கீதத்தின் பெரிய பெயரான மகாராஜபுரம் விசுவநாத ஐயர் அந்தப் படத்தில் வேதியராக வந்தார். பணம் பேசிய அளவுக்குப் படம் பேசவில்லை என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். 1940-இல் 'மணிமேகலை', துறவி. 1953-இல் ஜெமினியின் 'ஔவையார்', கிழவி. 1964-இல் 'பூம்புகார்' படத்தில் கவுந்தியடிகள், மறுபடி துறவி. 'திருவிளையாடல்', 'கந்தன் கருணை' இரண்டிலும் மீண்டும் ஔவை. இடையில் ஐம்பதுகளில் சென்னை சட்ட மேலவை உறுப்பினராகவும் இருந்தார். சினிமாவிலிருந்து சட்டமன்றத்துக்குப் போவது நமக்கு இன்று சாதாரணம். அந்தப் பாதையில் முதலில் நடந்தவர்களில் ஒருவர் கொடுமுடிப் பெண் என்பதை மறந்துவிட்டோம்.

இப்போது 1969-க்கு வருகிறேன். அதற்குள் பாட்டின் குணமே மாறிவிட்டது. மைக் வந்து, காதோரம் பேசுவது போல மெல்லப் பாடலாம் என்றாகிவிட்டது. சுசீலாவின் குரல் அந்த மைக் யுகத்தின் அழகு. அவருக்கு அடுத்து வந்த அம்மையாரின் குரலோ மைதானத்துக்குப் பழகிய குரல். ஒலிப்பதிவு அறைக்குள் வந்தாலும் கடைசி வரிசையைத் தேடியது. வேடிக்கை என்னவென்றால் அந்த விருதுக்குப் பெயர் 'பின்னணி'ப் பாடகி. அம்மையார் வேறு எந்த நடிகைக்கும் பின்னால் நின்று பாடவில்லை. திரையில் தானே தோன்றித் தனக்குத் தானே பாடினார். அவர் மேடைக்காரி, வேறு எப்படிப் பாடுவார்!

அதே ஆண்டு பாடகருக்கான விருது 'ஆராதனா' படத்துக்காக எஸ்.டி. பர்மனுக்குப் போனது. அவரும் அறுபதைத் தாண்டியவர், கிழக்கு வங்கத்துப் படகுக்காரர்கள் பாட்டின் வாசம் குரலில் கடைசி வரை இருந்தவர். முகமது ரஃபி, கிஷோர் குமார், லதா, ஆஷா எல்லோரும் உச்சத்தில் இருந்த வருடம் அது. இரண்டு விருதும் இரண்டு வயசாளிகளின் மண் குரலுக்குப் போயிருக்கின்றன. அந்த நடுவர்கள் எப்படி யோசித்தார்களோ, அவர்களுக்கு ஒரு கும்பிடு போடத் தோன்றுகிறது. 1970-இல் பத்மஸ்ரீயும் அம்மையாருக்கு வந்தது.

இது பழங்கதை என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கோவையிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் போனால் ஆனைகட்டி. அதைத் தாண்டினால் கேரளத்தின் அட்டப்பாடி. எல்லைக்கோட்டின் இரண்டு பக்கமும் இருப்பவர்கள் இருளர் மக்கள். அந்த அட்டப்பாடியில் ஆடு மாடு மேய்த்துக்கொண்டே பாடிய நஞ்சம்மாவுக்கு, 'அய்யப்பனும் கோஷியும்' படத்தில் தானே கட்டி இருளர் மொழியில் பாடிய பாட்டுக்காக, 2020-ஆம் ஆண்டுக்கான இதே தேசிய விருது 2022-இல் அறிவிக்கப்பட்டது. அந்த செப்டம்பரில் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு கையால் வாங்கினார். ஒருவர் சாந்தால் பழங்குடி, ஒருவர் இருளர். டில்லி மேடையில் எதிரெதிரே நின்றார்கள். அந்தப் பாட்டைப் படத்தில் வைத்த இயக்குநர் சச்சி அதைப் பார்க்க உயிரோடு இல்லை. அவருக்கும் அதே ஆண்டு சிறந்த இயக்குநர் விருது, மறைவுக்குப் பின்.

உடனே ஒரு சர்ச்சை கிளம்பியது. சின்ன வயசிலிருந்து சங்கீதம் படித்து உயிரை விட்டவர்கள் இருக்க, சுருதி சேர்த்துப் பாடப் பயிலாதவருக்கு விருதா என்று சிலர் கேட்டார்கள். அதைவிட அதிகம் பேர், பெரிய பாடகர்கள் உட்பட, நஞ்சம்மா பக்கம் நின்றார்கள். கேட்டவர்களை நான் கேலி செய்ய மாட்டேன். பத்து வருசம் சாதகம் செய்தவனின் வயிற்றெரிச்சலில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் படிப்பு என்பது சான்றிதழ் உள்ள படிப்பு மட்டுமா? ரயிலில் ஏறி இறங்கி, எந்தப் பெட்டியில் எந்தப் பாட்டு எடுபடும் என்று ஒரு சிறுமி கற்றது படிப்பில்லையா? மலைச்சரிவில் ஆட்டுக்குக் கேட்கிற மாதிரி குரல் கொடுத்துப் பழகியது சாதகமில்லையா?

இதில் எனக்குச் சொந்தக் கணக்கும் ஒன்று உண்டு. எழுபதுகளில் நம் விடுதியில் என் அறைத் தோழன் காங்கேயம் பக்கத்துக்காரன். அவன் பெரியப்பா அண்ணமார் கதைக்கு உடுக்கை அடித்தவர். இவனும் ராத்திரி படிக்கிறேன் என்று மொட்டை மாடிக்குப் போய்ப் பாட ஆரம்பித்தால் மூன்று விடுதியிலும் விளக்கு எரியும். வார்டன் சார் கூட கீழே நின்று கேட்டுவிட்டுத்தான் விரட்டுவார். ஒரு வெளிக் கல்லூரியின் கலை விழாவுக்கு நாங்கள் இழுத்துக்கொண்டு போனோம். பாடினான். கைதட்டு அடங்கவே இல்லை. நடுவரில் ஒருவர் அவனைக் கூப்பிட்டு, "தம்பி, யாரிடம் பாடம்?" என்றார். "பெரியப்பாகிட்டங்க." "அவர் யாரிடம்?" "அவரு அவங்கப்பாகிட்டங்க." நடுவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். குரல் இருக்கு, பாடாந்தரம் இல்லை என்று முடிவு. திரும்பி வரும் பஸ்ஸில் அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்கப்புறம் மொட்டை மாடிக்கும் போகவில்லை.

மலர்க் குழு நண்பரைத் திரும்பக் கூப்பிட்டு இதையெல்லாம் சொன்னேன். ஐந்தாம் விதியை எடுத்துவிட்டு, மேடையில் மூன்று நிமிடம் மைக் இல்லாமல் பாடும் சுற்று ஒன்று வைக்கலாமே என்றும் சொல்லியிருக்கிறேன். "கமிட்டியில வைக்கிறேனுங்க" என்றார். கமிட்டி என்ன செய்யும் என்று பார்ப்போம்.

தோழன் இப்போது காங்கேயத்தில் தேங்காய்க் களம் வைத்திருக்கிறான். சந்திப்புக்கு வருகிறாயா என்று போனில் கேட்டேன். பேத்தியையும் கூட்டி வருவதாகச் சொல்லியிருக்கிறான். அவள் பாடுவாளாம். யாரிடம் படிக்கிறாள் என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை.