கத்தி சிறுத்தது, வடு மறையவில்லை

மூவார் ஆற்றின் இரு மருங்கிலும் பால்மரத் தோட்டங்கள் பரவியிருந்த காலத்தில், அங்குக் குடியேறிய தமிழர் அறுவை மருத்துவத்தின் அடிப்படை உண்மையொன்றை நாள்தோறும் தம் கைகளாற் பயின்றனர். பஞ்சோரை அடுத்த லானட்ரோன் போன்ற தோட்டங்களில், பொழுது புலருமுன் கத்தியும் வாளியுமாகப் புறப்பட்ட ஆணும் பெண்ணும் மரப்பட்டையை மெல்லிய சீவலாக எடுத்தனர். பாற்குழல்கள் மிகுந்திருப்பது பட்டையின் உட்பகுதியில். ஆதலின் கத்தி ஆழச் செல்ல வேண்டும். ஆனால் பட்டைக்கும் கட்டைக்கும் இடையிலுள்ள உயிர்ப்படலத்தைத் தொடலாகாது. அதற்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் முன்னரே கத்தி நிற்க வேண்டும். நின்றால், சில ஆண்டுகளிற் புதுப்பட்டை வழவழப்பாக வளரும். தவறினால், அவ்விடம் முண்டும் முடிச்சுமாகத் தடித்து, மறுமுறை வெட்ட இயலாததாகிவிடும். பிரேசில் காடுகளிற் சிறு கோடரியால் கொத்திப் பாலெடுத்தபோது மரங்கள் இவ்வாறே உருக்குலைந்தன. சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் தலைவர் ஹென்றி ரிட்லி, சீவி எடுக்கும் முறையை 1890களில் வகுத்த பின்னரே மரமும் நிலைத்தது, தொழிலும் நிலைத்தது.

மனிதத் தோலும் இவ்விதிக்கு உட்பட்டதே. மேல்தோல் மட்டும் உராய்ந்தால் சுவடின்றி ஆறும். அதன் கீழுள்ள தடித்த உட்தோலின் ஆழம் வரை கீறல் சென்றால், இழந்த திசு இழந்தவாறே மீள்வதில்லை. உடல் அவ்விடத்தை நாரால் அடைத்துவிடுகிறது. அந்த அடைப்பே வடு. அழகு கருதி உடற்கொழுப்பை அகற்றும் அறுவை இன்று மலேசியாவிலும் தமிழகத்திலும் பரவியுள்ளது. அதனை நாடுவோர் முதலில் அஞ்சுவது வடுவையே. வியப்பு யாதெனின், அந்த அறுவையின் வரலாற்றையே நடத்திச் சென்றதும் அவ்வச்சந்தான்.

தமிழர் கண்ட வடு

வடுவைத் தமிழர் எப்போதும் வெறுத்தாரல்லர். மார்பிற் பட்ட புண் வீரனுக்கு அணி. முதுகிற் பட்ட புண் பழி. வெண்ணிப் போரிற் கரிகாலனோடு பொருது புறப்புண் பட்ட சேரமான் பெருஞ்சேரலாதன், அந்நாணம் பொறாது வடக்கிருந்தான் என்பது தமிழாசிரியர் அனைவரும் அறிந்த செய்தி. வள்ளுவரும் தீயினால் ஆவதைப் புண் என்றும், நாவினால் ஆவதை வடு என்றும் பிரித்துரைத்தார். புண் ஆறும், வடு நிற்கும் என்ற வேறுபாடு அச்சொல்லாட்சியிலேயே அடங்கியுள்ளது.

புண்ணைத் தைக்கும் மருத்துவமும் பழந்தமிழர் அறிந்ததே. பதிற்றுப்பத்தின் ஐந்தாம் பத்திற் செங்குட்டுவனைப் பாடிய பரணர், வீரரின் மார்புப் புண்ணை நீண்ட ஊசிகொண்டு தைத்ததைக் குறிக்கிறார். குளத்து நீரில் மூழ்கி மீனோடு மேலெழும் சிச்சிலிப் பறவையை, குருதியில் மூழ்கி மேலெழும் ஊசிக்கு அவர் உவமையாக்குகிறார். கண்ணாற் கண்டவர்க்கன்றி இவ்வுவமை தோன்றாது.

வடமொழியிற் சுசுருதர் பெயரால் வழங்கும் மருத்துவ நூல் இன்னும் ஒருபடி மேற்செல்கிறது. புண்ணுக்குரிய சிகிச்சைகள் அறுபது என அது வகுக்கிறது. குருதியை நிறுத்துவதும் சீழை வடிப்பதும் மட்டுமன்றி, பள்ளமான வடுவை உயர்த்துதல், மேடான வடுவைத் தாழ்த்துதல், வெளுத்த வடுவைக் கருக்குதல், கறுத்த வடுவை வெளுக்கச் செய்தல், அவ்விடத்தில் மயிர் முளைப்பித்தல் ஆகியவையும் அவ்வறுபதில் அடங்கும். புண் ஆறியதோடு மருத்துவன் பணி முடிவதில்லை, தோல் பழைய தோற்றத்தை அடையும்வரை அது நீள்கிறது என்னும் கருத்து இதனால் விளங்கும். இன்று அழகு மருத்துவர் முயல்வதும் இதனையே.

நீண்ட வெட்டின் காலம்

மேலைநாடுகளில் 1846இல் ஈதர் மயக்கமும், 1867இல் லிஸ்டரின் கிருமிநீக்க முறையும் வெளிப்பட்ட பின்னரே, உயிர் காப்பதற்கன்றி உருவம் திருத்துவதற்கும் கத்தியெடுக்கும் துணிவு பிறந்தது. இவற்றிற்கிடையே, 1861இல், வியன்னா உடற்கூற்றறிஞர் கார்ல் லாங்கர் ஒரு சோதனை செய்தார். இறந்தோர் உடலில் வட்டமான முனையுடைய கருவியாற் குத்தியபோது, துளைகள் வட்டமாக நில்லாமல் நீள்பிளவுகளாயின. தோலின் நார்களுக்குத் திசையுண்டு என்பதை இது காட்டிற்று. அத்திசையோடு சென்ற வெட்டு மெல்லிய கோடாக ஆறும். குறுக்கே சென்றது விரிந்து தடிக்கும். பால்மரத்திற் கோடு இழுக்கும் சாய்வைப் போல, மனித உடலுக்கும் ஒரு கோடு வகுக்கப்பட்டது.

வயிற்றுக் கொழுப்பையும் தோலையும் சேர்த்து வெட்டியெடுக்கும் அறுவை 1890இல் பிரான்சில் டெமார், மார்க்ஸ் என்னும் இருவரால் அறிவிக்கப்பட்டது. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஹோவர்டு கெல்லி 1899இல் ஒரு பெண்ணின் வயிற்றிலிருந்து ஏறத்தாழ ஏழரைக் கிலோ எடையுள்ள பகுதியை நீக்கினார். பாரம் குறைந்தது, ஆனால் உடலைக் குறுக்கே கடக்கும் நீண்ட வடு எஞ்சியது. பிரேசில் மருத்துவர் இவோ பிட்டாங்கி, முந்நூறு பேருக்குச் செய்த வயிற்றறுவையின் பட்டறிவை 1967இல் வெளியிட்டபோது, வெட்டை அடிவயிற்றின் கீழே, ஆடை மறைக்கும் இடத்திற்கு இறக்கினார். வடுவைக் குறைக்க இயலாதபோது அதனை மறைக்கக் கற்றுக்கொண்டனர் என்பதே இதன் பொருள்.

சிறு துளையின் காலம்

வெட்டாமற் சுரண்டி எடுக்கலாமே என்று நினைத்தவரும் உண்டு. 1920களிற் பாரிசில் ஷார்ல் டுஜாரியே என்னும் அறுவை மருத்துவர், ஒரு நடனப் பெண்ணின் கால்களை மெலியச் செய்ய, கருப்பையைச் சுரண்டும் கூரிய கருவியைத் தோலின் கீழே செலுத்தினார். குருதிக்குழாய் சிதைந்தது, காலையே வெட்டியெடுக்க நேர்ந்தது. இத்துயரத்தின்பின் பல்லாண்டுகள் அவ்வழியில் எவரும் துணிந்து செல்லவில்லை.

1970களின் நடுவில் ரோம் நகரத்து ஃபிஷர் என்னும் தந்தையும் மகனும் உறிஞ்சும் கருவியொன்றை ஆக்கினர். 1977இல் பாரிசில் இவ் ஜெரார் இயூஸ் என்பவரிடம் இளம் நடிகை ஒருவர் வந்தார். அவர் முதுகிற் பெரிய கொழுப்புக் கட்டி இருந்தது. கட்டி நீங்க வேண்டும், ஆனால் முதுகில் நீண்ட வடு விழலாகாது என்பது அவர் வேண்டுகோள். இயூஸ் ஒரு சிறு துளையிட்டு, முனை மழுங்கிய குழாயைச் செலுத்திக் கொழுப்பை உறிஞ்சினார். கூரிய கருவி குழாய்களை அறுக்கும். மழுங்கியது அவற்றை விலக்கிச் செல்லும். வடுவைப் பற்றிய அச்சத்திலிருந்தே கொழுப்புறிஞ்சும் அறுவை இவ்வாறு உலகிற் பரவத் தொடங்கியது. 1985இற் கலிபோர்னியாவின் ஜெஃப்ரி கிளைன், மரப்பு மருந்தும் குருதிக்குழாயைச் சுருக்கும் மருந்தும் மிக நீர்த்த உப்புநீரிற் கலந்து கொழுப்புப் பகுதியை நிரப்பிய பின் உறிஞ்சும் முறையைக் கண்டார். குருதியிழப்புப் பெரிதும் குறைந்தது. குழாய்களும் மெலிந்து சில மில்லிமீட்டர் அளவினவாயின.

நூறாண்டிற்குள் முழநீள வெட்டு நெல்லளவுத் துளையாகச் சுருங்கிற்று. எனினும் வடு மறைந்துவிடவில்லை. வெட்டின் நீளம் மருத்துவர் கையில் உள்ளது. வடுவின் குணமோ பெரிதும் தோலின் இயல்பிலும் காலத்தின் போக்கிலும் உள்ளது.

வடுவின் நாட்காட்டி

துளை மூடிய முதற் சில நாட்களில் அவ்விடம் சிவந்து வீங்கும். ஏறத்தாழ மூன்று வாரங்கள் வரை உடல் புதிய நாரை விரைந்து நெய்கிறது. அதன்பின் ஓராண்டும் அதற்கு மேலும் அந்நாரை ஒழுங்குபடுத்துகிறது. ஆகவே முதல் மூன்று மாதங்களில் வடு சிவந்தும், சற்றே தடித்தும், நமைச்சலோடும் இருப்பதைக் கண்டு கலங்க வேண்டுவதில்லை. பன்னிரண்டு முதல் பதினெட்டு மாதங்களிற் பெரும்பாலான வடுக்கள் தட்டையாகி வெளிறிவிடும். முற்றும் ஆறிய வடுவும் பழந்தோலின் வலிமையில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் எய்துவதில்லை. தமிழரின் மாநிறத் தோலிலும் கருநிறத் தோலிலும் துளையிட்ட இடம் கறுத்து நிற்பது மிகுதி. அது பெரும்பாலும் நிறமாற்றமே. வெயில் படாமற் காத்தால் மாதக்கணக்கில் மங்கும். தோலின் கீழே உறிஞ்சிய வழிகளிலும் நார் படிவதால், சில மாதங்கள் வரை அவ்விடம் கட்டிகட்டியாகவோ மேடுபள்ளமாகவோ தட்டுப்படுதலும் உண்டு. இதுவும் பெரும்பாலும் தானே தணியும்.

மேடான வடுக்கள் இருவகைப்படும். ஒன்று, வெட்டின் எல்லைக்குள்ளேயே தடித்து, காலப்போக்கிற் படிப்படியாகத் தாழ்வது. மற்றொன்று, எல்லை கடந்து நல்ல தோலிலும் பரவி, தானாக அடங்காதது. பின்னதைப் பிரெஞ்சு மருத்துவர் அலிபேர் 1806இல் விளக்கினார். நண்டின் கொடுக்கைப் போல் பக்கவாட்டிற் கிளைப்பதால், கிரேக்கச் சொல்லடியாகக் கீலாய்டு என்னும் பெயர் பின்னர் நிலைத்தது. கருநிற மக்களிடையே இது மிகுதி. பத்து முதல் முப்பது வயதினரிடத்தும், குடும்பத்தில் முன்னர் இருந்தவரிடத்தும் மிகுதி. காது குத்திய இடத்தில் உருண்டையாகத் தடித்தவரை நம் ஊர்களிற் காணலாம். அத்தகையோர் அழகுக்காகத் தோலைத் துளைக்குமுன் இதனை மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். கீலாய்டை வெட்டியெடுத்தால் மட்டும் போதாது; பெரும்பாலும் மீண்டும் வளரும். 1960கள் முதல் வழங்கும் ஸ்டீராய்டு ஊசி, 1980களில் வந்த சிலிக்கோன் தகடு, அழுத்தக் கட்டு, குளிரூட்டி உறையவைத்தல் ஆகியவற்றைத் தேவைக்கேற்பச் சேர்த்து மருத்துவர் ஆள்வர். தொடக்கத்திலே சென்றவர்க்கே பயன் மிகுதி.

கவலைப்பட வேண்டியது எப்போது?

வடுவின் அழகு குறித்த கவலைக்குக் காலம் உண்டு. உயிர் குறித்த கவலைக்குக் காலந்தாழ்த்த இடமில்லை. இவ்விரண்டையும் பிரித்தறிதலே இன்றியமையாதது.

நாளுக்கு நாள் தணிய வேண்டிய வலி மிகுதல், சிவப்பு பரவுதல், சூடு, சீழ், துர்நாற்றம், காய்ச்சல், தையல் பிரிதல் ஆகியவை தோன்றினால் அன்றே மருத்துவரைக் காண வேண்டும். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, மனக்குழப்பம், ஒரு காலில் மட்டும் வீக்கம், தோல் கறுத்துச் சாதல், கண்ணுக்குத் தெரியும் புண்ணுக்கு ஒவ்வாத கடும் வலி ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் உடனே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். குருதிக்கட்டியோ கொழுப்புத் துகளோ நுரையீரலை அடைப்பதும், நச்சுக் கிருமி தசையுறையைத் தின்பதும் இவ்வாறே வெளிப்படும். ஆறிவிட்ட துளையருகே வாரங்கள் பல கழித்துப் புதிய கட்டிகள் எழுந்து கசிந்தால், அது வடுவன்று. தூய்மையற்ற கருவியாலும் நீராலும் புகும் ஒருவகைக் கிருமியாக இருத்தல் கூடும். அதற்குரிய சோதனை வேண்டும். மூன்று மாதத்திற்குப் பின்னும் வடு எல்லை கடந்து வளர்ந்தால், அல்லது மூட்டை மடக்க முடியாதவாறு இழுத்தால், தோல் மருத்துவரிடமோ உருத்திருத்த அறுவை மருத்துவரிடமோ செல்லுதல் தகும்.

மூவார் போன்ற சிறு நகரில் இதற்கு ஒரு தடை உண்டு, அது வெட்கம். நோய்க்கு அறுவை செய்தவரைக் காண உறவினர் பழத்தோடு வருவர். அழகுக்குச் செய்தவரோ வீட்டாரிடமும் சொல்லாது, காய்ச்சலை மாத்திரையால் அடக்கிக் கொண்டிருப்பார். செய்த இடம் முறையற்றதாயின் மறைப்பு இன்னும் மிகும். 2020 அக்டோபரிற் கோலாலம்பூரின் செராஸ் பகுதியில், அழகு நிலையம் ஒன்றில் கைகளின் கொழுப்பை அகற்றச் சென்ற இளம்பெண் உயிரிழந்தார். மலேசியாவில் 1998ஆம் ஆண்டின் தனியார் மருத்துவ நிலையச் சட்டமும், சுகாதார அமைச்சு 2013இல் வெளியிட்ட அழகு மருத்துவ நெறிமுறையும் இத்தகைய அறுவையைப் பதிவும் தகுதியும் பெற்ற மருத்துவர்க்கும் உரிமம் பெற்ற நிலையங்களுக்குமே உரியதாக்குகின்றன. அறுவை எங்கே செய்யப்பட்டிருப்பினும், தீங்கு தோன்றியபின் மூவாரில் உள்ளவர்க்குச் சுல்தானா பாத்திமா சிறப்பு மருத்துவமனையின் வாயில் திறந்தே உள்ளது. நடந்ததை ஒளியாது உரைப்பதே அங்கு முதல் மருந்து. நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருப்போன் என மருத்துவத்தை நான்காக வகுத்த வள்ளுவர், நோயாளியையே முதலில் வைத்தார் என்பது எண்ணத்தக்கது.

மூவார் வட்டாரத்துப் பால்மரக் காடுகள் பெரும்பகுதி இன்று செம்பனையாகிவிட்டன. எஞ்சிய முதுமரங்களை நெருங்கிப் பார்ப்போர்க்கு, எந்தக் கை அளவறிந்து வெட்டியது, எந்தக் கை அவசரப்பட்டது என்பது பட்டையிலேயே தெரியும். மரம் தன் காயத்தை மறைப்பதில்லை. அதனாற்றான் கண்டவர் மருந்து பூச முடிந்தது.